சங்குப்பூ நீலம் எந்த இடத்தில் ஏமாற்றும்?

உயர்நிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் அமிலம், காரம் பாடம் வந்தால் ஏதாவது ஒரு நிறமாற்றத்தைக் காட்டுவது வழக்கம். நீலச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். பிள்ளைகள் 'வாவ்' என்பார்கள். அடுத்த நிமிடமே கவனம் வேறெங்கோ போய்விடும். வித்தையோடு நிறுத்திக்கொண்டால் அப்படித்தான் ஆகும். அதே சாறு ஆளை ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. 13 வயதுப் பிள்ளையை உட்கார்ந்து யோசிக்க வைப்பது அந்த இடம்தான். அதை 40 நிமிட வகுப்புக்குள்ளோ வீட்டுச் சமையலறையிலோ செய்து பார்க்கலாம்.

முதலில் சாறு. சங்குப்பூ நம் வீடுகளில் பூசைக்கு வரும் பூ. மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள். பெரனாக்கான் பலகாரமான புலுட் தாய் தாயில் தெரியும் நீலம் இதிலிருந்து வருவதுதான். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்புகளின் சமூகத் தோட்டங்களில் வேலியில் படர்ந்து கிடக்கும், கேட்டுப் பறியுங்கள். பொதுப் பூங்காவில் பறிப்பது சட்டப்படி குற்றம். கிடைக்காவிட்டால் உலர்ந்த பூ வாங்கிக்கொள்ளலாம்.

10 பூக்களின் அடியில் இருக்கும் பச்சைப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டு, இதழ்களை மட்டும் 100 மில்லிலிட்டர் சூடான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். பச்சையை விட்டுவைத்தால் சாறு கலங்கிப் பழுப்படிக்கும், பிறகு நிறத்தைச் சரியாகப் படிக்க முடியாது. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடத் தேவையில்லை. காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். காரணம் பின்னால் வருகிறது. நம் ஊர் வெப்பத்தில் சாறு வெளியே இருந்தால் மறுநாளே கெடத் தொடங்கும், குளிர்சாதனப் பெட்டியில் சில நாள் தாங்கும்.

நிறம் ஏன் மாறுகிறது? இதழில் இருப்பவை ஆந்தோசயனின் வகை நிறமிகள். இந்தப் பூவில் உள்ளவற்றுக்கு டெர்னாட்டின் என்று பெயர். அமிலம் மிகுந்த கரைசலில் நிறமி மூலக்கூறு, அமிலம் வெளிவிடும் ஹைட்ரஜன் அயனி ஒன்றைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் அது உறிஞ்சும் ஒளி மாறுகிறது, நம் கண்ணுக்குச் சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரிகிறது. அமிலம் குறைந்தால் அயனியை விட்டுவிட்டு நீலமாகிறது. காரம் ஏறினால் மூலக்கூறின் வளையம் உடைந்து மஞ்சளாகத் தொடங்கும். மிச்சமுள்ள நீலத்தோடு அந்த மஞ்சள் கலப்பதால்தான் சலவை சோடாவில் பச்சை தெரிகிறது. அந்தப் பச்சையில் உடனே வினிகரை ஊற்றினால் ஊதா திரும்பும். சில மணி நேரம் விட்டு ஊற்றினால் முழுதாகத் திரும்பாது, உடைந்த வளையங்கள் எல்லாம் மறுபடி ஒட்டுவதில்லை.

பல பூக்களின் நிறமி, பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே குறையக் குறைய அமிலம் மிகும்) 4 முதல் 6 வரையிலான இடத்தில் நீர் மூலக்கூறு தாக்கி வெளிறிப்போகும். டெர்னாட்டினுக்கு நீண்ட பக்கக் கிளைகள் உண்டு. அவை குடைபோல் வளையத்தின் மேல் மடிந்து நீரை அண்டவிடுவதில்லை. ஆகவே சுமார் 4 முதல் 7 வரை ஒரே நீலம். பார்க்க அழகு, ஆனால் அது ஏமாற்றுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

இப்போது சோதனை. 7 கிராம் பேக்கிங் சோடாவை 100 மில்லிலிட்டர் நீரில் முழுதாகக் கரையுங்கள். 5% வெள்ளை வினிகர் 20 மில்லிலிட்டரை 150 மில்லிலிட்டர் பீக்கரில் எடுத்து 2 மில்லிலிட்டர் பூச்சாறு விடுங்கள். 7 கிராம் என்பது குத்துமதிப்பான அளவல்ல. 100 மில்லிலிட்டர் வினிகரில் சுமார் 5 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது, அதைச் சமன்செய்ய 7 கிராம் சோடா வேண்டும். அதாவது 20 மில்லிலிட்டர் வினிகருக்கு ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் சோடாக் கரைசல். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். 'சோடாக் கரைசலை வினிகரில் விட்டுக்கொண்டே போனால் எத்தனையாவது மில்லிலிட்டரில் நீலமாகும்?' என்பதற்கு ஒவ்வொரு இணையும் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்த பிறகுதான் சிரிஞ்சைக் கையில் தர வேண்டும். எழுதிக் கொடுத்த எண் பொய்த்தால்தான் உறுத்தும். வாயால் சொன்னதை 'நான் அப்பவே நினைச்சேன்' என்று மாற்றிக்கொள்வார்கள்.

பெரும்பாலும் 20 என்றே எழுதுவார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் இரண்டிரண்டு மில்லிலிட்டராக விட்டு, ஒவ்வொரு முறையும் பீக்கரைச் சுழற்றி, நிறத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பத்து மில்லிலிட்டரை எட்டும்போதே ஊதா போய் நீலம் வந்து நிற்கும். 'சார், தப்பா அளந்துட்டோம்' என்று கை உயரும். விளக்கிவிடாதீர்கள். இன்னும் 2 மில்லிலிட்டர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நுரை பொங்கும். நீலமாகிவிட்ட கரைசலில் நுரை வருகிறது என்றால் அமிலம் இன்னும் தீரவில்லை.

பாதி சோடா சேர்ந்ததும் பாதி அமிலம் அசிட்டேட்டாக (தன் ஹைட்ரஜன் அயனியை இழந்த வடிவமாக) மாறியிருக்கும். அமிலமும் அசிட்டேட்டும் சரிபாதியாக இருக்கும்போது பிஎச் சுமார் 4.8, சங்குப்பூவுக்கு அது நீல வட்டாரம். கரைசலில் இந்த நொடி தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அயனிகளை மட்டுமே நிறமி பார்க்கிறது. அசிட்டிக் அமிலம் வலுக்குறைந்த அமிலம், பெரும்பகுதி அயனிகளை விடாமல் கையில் வைத்திருக்கும். அந்தக் கையிருப்பு நிறத்தில் தெரியாது. குமிழியில் தெரியும்.

வேகம் பிடித்த வகுப்புக்கு இன்னொன்று. வினிகரைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் 10 மில்லிலிட்டருக்கு 2 மில்லிலிட்டர் சாறு விடுங்கள். நூறு மடங்கு நீர்த்தும் முழு நீலம் வராது. பிஎச் 2.4, 2.9, 3.4 என்று அரையரையாகத்தான் ஏறும். நீர்க்க நீர்க்க அமிலம் கையிருப்பை அவிழ்த்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். குழாய்நீரில் செய்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். அதில் கரைந்துள்ள பைகார்பனேட் (பேக்கிங் சோடாவில் இருப்பதும் அதுதான்), நீர்த்த அமிலத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். ஆயிரம் மடங்கு வரை போனால் அமிலத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடலாம்.

சொதப்புவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். சுழற்றாவிட்டால் கரைந்திருக்கும் கரியமில வாயு உள்ளேயே தங்கி, நுரை நின்றுவிட்டதுபோல் தெரியும். கடைசி சில மில்லிலிட்டரில் குமிழி மிகச் சிறிதாக இருக்கும், பீக்கரைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். நிறத்தை எப்போதும் வெள்ளைத் தாளின் மேல் வைத்தே ஒப்பிடுங்கள். 20 மில்லிலிட்டர் வினிகரிலிருந்து மொத்தம் சுமார் 400 மில்லிலிட்டர் வாயு வரும், ஆகவே மூடியுள்ள புட்டியில் ஒருபோதும் செய்யக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

வீட்டில் செய்யும் பிள்ளை அலமாரியில் இருப்பதையெல்லாம் ஊற்றிப் பார்க்க ஆசைப்படும். பாதியளவு நல்ல ஆசைதான், ஆனால் பிளீச்சை மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள். அது நிறமியையே அழித்துவிடும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஷாம்பு, பழச்சாறு, வடித்த கஞ்சி எல்லாம் தாராளமாகச் சோதிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன நிறம் வரும் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டோடு.