வெட்டாமல் ஓர் எழுத்தைத் திருத்துவது எப்படி?

டிஎன்ஏவில் வேண்டிய இடத்தைத் தேடி வெட்டும் கிறிஸ்பர் என்ற கருவியைப் பற்றி முன்பு எழுதியபோது அதை ‘மரபணுக் கத்தரிக்கோல்’ என்று சொல்லியிருந்தேன். அதைப் படித்த உயிரியல் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கைக்குழந்தையின் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினார்கள், ஆனால் அந்த இடத்தில் வெட்டவில்லை என்கிறார்கள். பிள்ளைகள் செய்தி பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். வெட்டாமல் எப்படி சார் எழுத்து மாறும்?” இதற்குப் பதில் எழுத எனக்கு ஆசையாகவே இருக்கிறது. இதில் வரும் ஒரு படி, உயிரியலில் நான் படித்தவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

முதலில் செய்தி. 2024 ஆகஸ்டில் பிறந்த அந்தக் குழந்தைக்கு சிபிஎஸ்1 என்ற நொதி வேலை செய்யவில்லை. உடலில் புரதம் சிதையும்போது அமோனியா உண்டாகும், கல்லீரல் அதை யூரியாவாக்கி சிறுநீரில் அனுப்பிவிடும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த வேலையின் முதல் படி சிபிஎஸ்1 கையில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அமோனியா இரத்தத்தில் ஏறி மூளையைக் கெடுத்துவிடும். சுமார் 13 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் நோய். வந்தால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் பிழைப்பதில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிரண் முசுனூருவும் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் ரெபெக்கா அரென்ஸ்-நிக்லாஸும் தங்கள் குழுவினரோடு, அந்த ஒரு குழந்தைக்கென்றே ஆறு மாதத்தில் ஒரு மருந்தைச் செய்து முடித்தார்கள். 2025 பிப்ரவரியில் முதல் தவணை, அப்புறம் இன்னும் இரண்டு. மே மாதம் கட்டுரை வெளிவந்தது. ஜூனில் குழந்தை வீட்டுக்குப் போனது.

சரி, எழுத்து எப்படி மாறியது? டிஎன்ஏவின் எழுத்துகள் நான்கு: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். இரட்டைச் சுருளில் அடினினுக்கு எதிரே தைமினும், குவானினுக்கு எதிரே சைட்டோசினும் ஜோடி.

கிறிஸ்பரில் இருக்கும் காஸ்-9 புரதம் ஒரு வழிகாட்டி ஆர்என்ஏவைச் சுமந்துகொண்டு டிஎன்ஏ முழுக்கத் தேடும். வழிகாட்டியில் சுமார் 20 எழுத்துகள் இருக்கும். அவற்றுக்குப் பொருந்தும் இடம் கிடைத்ததும் அங்கே இரட்டைச் சுருளைப் பிரித்து, ஓர் இழையோடு வழிகாட்டியை ஜோடி சேர்த்துவிடும். இதுவரை எல்லாரும் அறிந்ததுதான். ஜோடியை இழந்த மற்ற இழை என்ன ஆகும் என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. அது தனியாக ஒரு வளையம் போலத் தொங்கும். அதில் சுமார் ஐந்து எழுத்துகள் மட்டும் நன்றாக வெளியே தெரியும். 300 கோடி ஜோடி எழுத்துகள் உள்ள மரபுத்தொகுதியில், இந்த ஐந்து எழுத்துகள் மட்டும் அந்த நேரத்தில் துணையில்லாமல் நிற்கின்றன.

ஒற்றை இழையில் மட்டுமே வேலை செய்யத் தெரிந்த ஒரு நொதியைக் காஸ்-9 உடன் ஒட்டி அனுப்பினால்? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் லியூவின் ஆய்வகத்தில் அலெக்ஸிஸ் கோமோர் 2016இல் இதைத்தான் செய்து காட்டினார். எலியிடமிருந்து எடுத்த அந்த நொதி, சைட்டோசினில் இருக்கும் அமினோ தொகுதியை மட்டும் கழற்றிவிடும். சைட்டோசின் அமினோவை இழந்தால் யுராசில் ஆகிவிடும். யுராசிலை செல் தைமின் போலவே வாசிக்கும். அந்த இடத்தில் சங்கிலி அறுபடவே இல்லை. ஓர் எழுத்தின் ஓரத்தில் இருந்த சில அணுக்கள் மாறின, அவ்வளவுதான். இதற்குப் பேஸ் எடிட்டிங் என்று பெயர்.

ஆனால் இது மட்டும் போதாது. செல் சும்மா இருக்காது. எனக்குப் பிடித்த கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆர்என்ஏவில் யுராசில் இருக்கிறது, டிஎன்ஏவில் அதற்குப் பதில் தைமின் இருக்கிறது என்று மனப்பாடம் செய்திருப்போம். ஏன் என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? எனக்குச் சொல்லவில்லை. தைமின் என்பது யுராசிலின் மேல் ஒரு மெத்தில் தொகுதியை ஏற்றியது, வேறொன்றும் இல்லை. அதை ஏற்றுவதற்கு செல் தனியாக ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். எதற்கு இந்த வீண்செலவு?

காரணம் தண்ணீர். செல்லுக்குள் தண்ணீர்தான் நிறைந்திருக்கிறது. அது சைட்டோசினோடு தானாகவே வினைபுரிந்து, அவ்வப்போது அமினோவைக் கழற்றி யுராசிலாக்கிவிடும். உங்கள் ஒவ்வொரு செல்லிலும் ஒரு நாளைக்கு நூறு முறைக்கு மேல் இது நடக்கிறது. டிஎன்ஏவிலேயே யுராசில் ஒரு வழக்கமான எழுத்தாக இருந்தால், எது உண்மையான யுராசில், எது கெட்டுப்போன சைட்டோசின் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் டிஎன்ஏ தன் யுராசில்களுக்கெல்லாம் மெத்தில் பொட்டு வைத்துத் தைமினாக்கிவிடுகிறது. அப்புறம் பொட்டில்லாத யுராசில் எங்கே தென்பட்டாலும் அது பிழை. அதைத் தேடிப் பிடித்துக் களைவதற்கென்றே ஒரு நொதி டிஎன்ஏ நெடுக ரோந்து சுற்றுகிறது. 1974இல் தோமஸ் லிண்டால் அதைக் கண்டுபிடித்தார். 2015இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் அவர் ஒருவர்.

ஓர் இடத்தில் மட்டும் இந்தக் காவல் தோற்கும். சில சைட்டோசின்கள் மரபணுக் கட்டுப்பாட்டுக்காக முன்பே மெத்தில் பொட்டு வைத்திருக்கும். அவை அமினோவை இழந்தால் நேராகத் தைமினாகிவிடும். தைமின் டிஎன்ஏவில் இருக்க வேண்டிய எழுத்துதானே, காவலாளி கடந்து போய்விடுவான். நோய் தரும் ஒற்றை எழுத்துப் பிழைகளில் ஏறக்குறைய பாதி, சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் வந்து உட்கார்ந்த வகை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் பிறந்த சில நாளில் இறந்துபோயின. கிரகணத்தன்று வெளியே போனாள் என்றார்கள், மாமியார் வழிச் சாபம் என்றார்கள். ஒவ்வொரு பேச்சும் அவள் காதில் விழுந்தது. அந்த வீட்டுக்கு யாரும் மரபணு ஆலோசனை பற்றிச் சொல்லவில்லை, பரிகாரத்துக்கு மட்டும் நான்கு கோயில் சொன்னார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் யாரோ ஒருவரின் செல்லில் ஒரு நீர் மூலக்கூறு ஒரு சைட்டோசினில் மோதியிருக்கலாம். அதற்கும் கிரகணத்துக்கும் தொடர்பு கிடையாது. அந்தத் தாய் எதையும் செய்யவும் இல்லை, செய்யத் தவறவும் இல்லை. இதைப் பள்ளியில் சொல்லிக்கொடுங்கள், டீச்சர். தேர்வுக்கு வராவிட்டாலும் சொல்லிக்கொடுங்கள்.

பேஸ் எடிட்டிங்குக்கு வருவோம். நாம் வேண்டுமென்றே ஒரு சைட்டோசினை யுராசிலாக்கிவிட்டோம். ரோந்து வரும் காவலாளி அதைப் பிழை என்று பார்த்துக் களைந்துவிடுவான், திருத்தமும் போய்விடும். அவனைச் சற்று நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கான கருவி ஒரு விசித்திரமான வைரஸிடம் தயாராக இருந்தது.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவைத் தாக்கும் பிபிஎஸ்2 என்ற வைரஸ் ஒன்று உண்டு. அதன் டிஎன்ஏவில் தைமினே இல்லை, தைமின் இருக்க வேண்டிய இடமெல்லாம் யுராசில்தான் என்று 1963இல் டகாஹாஷியும் மார்மரும் கண்டார்கள். நினைத்துப் பாருங்கள்: யுராசிலைக் கண்டால் பிய்த்தெறியும் காவலாளி உலவும் செல்லுக்குள், யுராசிலாலேயே எழுதிய டிஎன்ஏவோடு அது நுழைகிறது. எப்படிப் பிழைக்கிறது? உள்ளே போனதும் ஒரு சிறு புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதத்தின் வடிவமும் மின்னூட்டமும் டிஎன்ஏவைப் போலவே இருக்கும். டிஎன்ஏவைப் பிடிப்பதற்காகக் காவலாளி வைத்திருக்கும் பள்ளத்தில் அது போய்ப் பொருந்திக்கொள்ளும், எளிதில் விடாது. காவலாளியின் கை நிறைந்துவிட்டது, இனி அவன் எதையும் பிடிக்க முடியாது. கோமோர் அந்தப் புரதத்தையும் காஸ்-9 உடன் சேர்த்து ஒட்டினார். திருத்தம் நிலைத்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் இழையில் யுராசில், எதிரில் பழைய குவானின், ஜோடி பொருந்தவில்லை. செல் எந்த இழையை நம்பிச் சரிசெய்யும்? இழையில் சிறு கீறல் இருந்தால் ‘இது இப்போதுதான் நகலெடுத்த இழை, தவறு இதில்தான் இருக்கும்’ என்று செல் எடுத்துக்கொள்ளும். அதனால் காஸ்-9 முழுதாக வெட்டாதபடி அதன் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு, திருத்தாத இழையில் மட்டும் ஒரு கீறல் போட வைத்தார்கள். செல் அந்த இழையைப் பிய்த்துவிட்டு, நாம் மாற்றிய எழுத்தைப் பார்த்துப் புதிதாக எழுதுகிறது. டீச்சர், உங்கள் பிள்ளைகளிடம் வெட்டே கிடையாது என்று சொல்லாமல், இந்தக் கீறலைப் பற்றியும் சொல்லுங்கள்.

இது சைட்டோசினைத் தைமினாக்கும் வழி. தண்ணீர் செய்யும் அதே தவறைத்தான் இதுவும் செய்கிறது. நோயைத் தீர்க்க நமக்குப் பெரும்பாலும் வேண்டியது எதிர்த்திசை. தைமினுக்கு எதிரே இருக்கும் அடினினை குவானின் போல வாசிக்கவைத்தால், தைமின் இருந்த இடத்தில் சைட்டோசின் திரும்பி வந்துவிடும். ஆனால் டிஎன்ஏவில் இருக்கும் அடினினிடமிருந்து அமினோவைக் கழற்றும் நொதி இயற்கையில் தெரியவில்லை. லியூவின் ஆய்வகத்தில் நிக்கோல் கோடெல்லி அதை வளர்த்தெடுத்தார். ஈ.கோலை பாக்டீரியாவில், புரதம் செய்ய உதவும் டிஆர்என்ஏ என்ற மூலக்கூறின் அடினினை மட்டும் மாற்றும் நொதி ஒன்று உண்டு. கோடெல்லி ஈ.கோலைக்கு ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணு ஒன்றைக் கொடுத்தார், ஆனால் ஓர் எழுத்தைக் கெடுத்துவைத்து. கூடவே அந்த நொதியின் எண்ணற்ற மாற்று வடிவங்களையும் கொடுத்து, ஆன்டிபயாட்டிக் ஊற்றினார். எந்த பாக்டீரியாவின் நொதி டிஎன்ஏவிலேயே அடினினை மாற்றி அந்த எழுத்தைச் சரிசெய்ததோ, அதுதான் பிழைத்தது. பிழைத்தவற்றின் நொதியை எடுத்து, மறுபடி மாற்றி, மறுபடி சோதனை. இப்படி ஏழு சுற்று. 2017இல் வெளிவந்தது அடினின் எடிட்டர். ஃபிலடெல்ஃபியா குழந்தைக்குப் போனது இந்த வகைதான்: எடிட்டரைச் செய்யும் குறிப்பான எம்ஆர்என்ஏவையும் வழிகாட்டியையும் கொழுப்புத் துளிகளுக்குள் வைத்து இரத்தத்தில் ஏற்றினார்கள், கல்லீரல் அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.

கல்லீரல் இப்படி இழுத்துக்கொள்வது ஓர் அதிர்ஷ்டம். மூளைக்கும் தசைக்கும் இவ்வளவு சுலபமாகப் போய்ச் சேராது. தெரியும் ஐந்து எழுத்துகளில் இரண்டு அடினின் இருந்தால் இரண்டுமே மாறிவிடும் ஆபத்தும் உண்டு. குழந்தையின் கல்லீரலில் எத்தனை செல்கள் திருந்தின என்று அளக்கவில்லை. அதற்கு ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டும், இந்த நிலையில் அது ஆபத்து. முன்பைவிட அதிகப் புரதம் சாப்பிட முடிகிறது, அமோனியா மருந்தின் அளவு குறைந்திருக்கிறது. பூரண குணம் என்று அந்த மருத்துவர்களே சொல்லவில்லை.

நம் பக்கத்தில் இதற்கு நேரடித் தேவை இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் இரத்தசோகைக்கான மரபணுவை முதலில் கண்டது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952இல். வேலூர் சிஎம்சி வளாகத்திலுள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தினர், கருவில் மட்டும் வேலை செய்து பிறந்தபின் அணைந்துவிடும் ஹீமோகுளோபின் மரபணுவை மீண்டும் எரியவைக்க எந்தெந்த எழுத்துகளை மாற்றலாம் என்று பேஸ் எடிட்டரால் ஒவ்வொன்றாகத் தேடி, 2022இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மரபணு எரிந்தால் அரிவாள் செல்லின் வேதனை தணியும்.

அத்தகைய வேலைக்கு நாம் எவ்வளவு செலவழிக்கிறோம்? ஆராய்ச்சிக்கு இந்தியா ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 விழுக்காடு. எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வு மாணவி ஏழு மாதம் உதவித்தொகை வராமல், டியூஷன் எடுத்துக்கொண்டு பாக்டீரியா வளர்த்தாள். ‘உன் ஆராய்ச்சியால் மக்களுக்கு என்ன பயன்’ என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அவளிடம் கேட்டிருந்தார்கள். 1963இல் மண் பாக்டீரியாவின் வைரஸில் தைமின் இல்லை என்று எழுதியவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவர்களால் என்ன எழுதியிருக்க முடியும்? கோமோரின் எடிட்டரில் அந்த வைரஸின் புரதம் வந்து ஒட்ட 53 வருடம் ஆயிற்று.

ஆசிரியை கடைசியாக இன்னொன்றும் கேட்டிருந்தார்: திருத்திய எழுத்து அந்தக் குழந்தையின் பிள்ளைகளுக்கும் போகுமா? போகாது. திருத்தம் கல்லீரல் செல்களுக்கு மட்டும்தான். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வந்த இரண்டு பழுதான பிரதிகளில் ஏதாவது ஒன்று, நாளை அவனுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் போகும். துணையிடமிருந்து நல்ல பிரதி ஒன்று வந்துவிட்டால், அந்தப் பிள்ளைகள் அவன் தாய் தந்தையைப் போலவே ஒரு குறையும் இல்லாமல் இருப்பார்கள்.