41-ஆவது வீட்டைக் காட்டாதீர்கள்

என்னிடம் வீட்டுத் தரகுத் தொழில் பழகும் தம்பி ஒருவர் சென்ற வாரம் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரே வாடிக்கையாளர், ஒன்பது மாதம், 40 வீடுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பிடிக்காமல் போன காரணம் எழுதியிருந்தது: வெளிச்சம் போதாது, படிக்கட்டு செங்குத்து, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. 23-ஆவது வீட்டுக்கு எதிரே மட்டும் ‘பிடித்திருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன்’. அந்த வீட்டைத்தான் வாடிக்கையாளர் உரிமையாளரிடம் நேரே பேசி வாங்கிவிட்டார். அங்கே பேரம் நடந்துகொண்டிருந்த வாரங்களில்தான் 24 முதல் 40 வரை தம்பி காட்டிக்கொண்டிருந்தார். உண்மை தெரிய வந்த அன்றும் தம்பியின் சட்டைப்பையில் 41-ஆவது வீட்டின் சாவி இருந்தது.

இந்த ஆண்டில் நான் கேட்கும் மூன்றாவது கதை இது. அதனால் சற்றுக் காட்டமாகவே எழுதுகிறேன்.

“இருபதாவது வீட்டிலேயே ஏன் விலகவில்லை?” என்று கேட்டேன். “இவ்வளவு நாள் அலைந்துவிட்டேனே, விட்டால் எல்லாம் வீண்தானே” என்றார். நம் தொழிலைக் கரையான்போல் அரிப்பது இந்த ஒரு நினைப்புதான். அலைந்தது அலைந்ததுதான். நீங்கள் தொடர்ந்தாலும் அந்தப் பெட்ரோல் திரும்பி வராது, விட்டாலும் வராது. கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: இந்த மனிதர் இன்று காலைதான் முதன்முறையாக வந்திருக்கிறார், இவர் குணமெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்றால், அடுத்த மாதத்தை இவருக்குக் கொடுப்பேனா? மாட்டேன் என்றால், கணக்கு அங்கேயே முடிந்தது.

இது நமக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. 1985-இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாடகப் பருவத்துக்கான டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றுப் பார்த்ததில், பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்குப் போனார்கள். எல்லோருக்கும் ஒரே நாடகம்தான். கொடுத்த காசு காலைப் பிடித்து இழுத்தது. நமக்கோ பத்திரம் முடிந்தால்தான் கமிஷன். ஒவ்வொரு நாள் அலைச்சலும் முதலீடுபோலத் தோன்றத்தான் செய்யும். இலவம்பஞ்சுக் காயை முதலீடு என்று நினைத்த கிளியின் கதைதான்.

அதற்காக, நிறையக் கேள்வி கேட்பவரையெல்லாம் தொல்லை என்று தள்ளிவிடாதீர்கள். முதல் வீடு வாங்குகிறவர் ஒரே ஆவணத்தை நான்கு முறை காட்டச் சொன்னால் நான்கு முறையும் காட்டுங்கள். பாதி ஆயுளுக்குக் கடன் வாங்கப் போகிறவருக்குப் பயம் இருக்காதா? அப்படிப்பட்ட ஒருவரை ‘இழுத்தடிப்பவர்’ என்று நானே ஒருமுறை கைவிட்டேன். அடுத்த தரகரிடம் போனவர் இரண்டே வாரத்தில் வாங்கினார். பிறகு தன் தங்கையையும் அவரிடமே அனுப்பினார்.

வங்கியில் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேட்கவே மறுப்பவர், முடிவெடுக்கும் ஆளை ஒருமுறைகூட அழைத்து வராதவர், அக்கம்பக்கத்து விற்பனை விலைகளைக் காட்டிய பிறகும் தான் சொன்ன விலையிலிருந்து இறங்காத உரிமையாளர், இவர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், ஒரு தேதி குறியுங்கள். விற்பனைக்கு வந்த முதல் சில வாரங்களில்தான் ஒரு வீட்டைப் பலர் ஆவலோடு பார்ப்பார்கள். அதைத் தாண்டினால் “என்ன குறை, இன்னும் விற்கவில்லையே?” என்ற கேள்விதான் வரும். இதைச் சொல்லுங்கள். தேதி கடந்தும் மாற்றம் இல்லையா, கும்பிட்டு விடைபெறுங்கள்.

சிலருக்குத் தேதியே தேவையில்லை. ஒருமுறை ஒரு வீட்டின் படுக்கையறைச் சுவரில் புதுப் பெயின்ட். விரலால் அழுத்தினேன், பொருக்கு உதிர்ந்து ஈரம் கையில் ஒட்டியது. “அலமாரியை இழுத்துப் போட்டுவிடலாம், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்” என்றார் உரிமையாளர். சாவியை அங்கேயே மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். நாளைக்கு வழக்கு வந்தால் என் பெயரும் அதில் இருக்கும். இன்னாருக்கு வீட்டைக் காட்டாதே என்று ஆளை ஒதுக்கச் சொல்பவர், வசை பாடுபவர், தனியாக வரும் பெண் முகவரிடம் எல்லை மீறுபவர், இவர்களுக்கும் இதுதான். அம்மணிகளே, அந்தக் கமிஷனை நினைத்து மறுபடி தனியாக அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

விலகுவதற்கும் முறை இருக்கிறது. முதலில் உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் நம்மிலேயே பாதிப் பேர், தெரியும். முன்பணம் கைமாறிய பிறகு நடுவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், வக்கீலைக் கேளுங்கள். எழுத்தில் தெரிவியுங்கள், நான்கு வரி போதும், குற்றப்பத்திரிகை வேண்டாம். ஆவணங்கள், சாவிகளைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வேறு தரகரிடம் அனுப்புவதாக இருந்தால் நீங்கள் ஏன் விலகினீர்கள் என்பதை அவரிடம் மறைக்காதீர்கள். உங்களிடம் வேலை பழக வந்த பிள்ளையின் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

தம்பி, அந்தச் சாவியை நாளைக் காலையிலேயே உரிமையாளரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும்.