போல்ட் ஏறினால் போதுமா?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்குச் சுமை ஏற்றும் வேனுக்கு பிரேக் போய்விட்டால், புதுச் சாமானின் விலையை நினைத்துப் பழசைத் தேடுவது வழக்கம்தான். தப்பில்லை. டிரம், டிஸ்க், காலிப்பரின் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) இரும்பு உடல், பேக் பிளேட் (டிரம்முக்குப் பின்னால் பிரேக் பாகங்களைத் தாங்கும் தகடு) ஆகியவற்றைப் பழசாக வாங்கலாம். ஹோஸ் (ஆயில் போகும் ரப்பர் குழாய்), லைனிங் (டிரம்மில் உரசும் பட்டை), பேட் (டிஸ்க்கில் உரசும் கட்டை), சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் ஆகியவற்றைப் பழசாகத் தொடவே வேண்டாம். "போல்ட் ஏறுது, போட்டுக்கலாம்" என்று கடையில் சொல்வதை நம்பி வாங்குவதில்தான் ஆபத்து.

சக்கரத்தில் லைனிங்கை டிரம்மோடு அழுத்தும் வீல் சிலிண்டரைப் பாருங்கள். கடையில் இரண்டை எடுத்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். ஒன்றின் உள்துளை 19.05 மி.மீ., அதாவது முக்கால் இன்ச், மற்றது 20.64 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை மில்லிதான். ஆனால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனின் பரப்பு முழுவதையும் தள்ளுகிறது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். பெரிய துளையில் விசை 17 சதவீதம் அதிகம். பின்னால் இரு பக்கமும் அதைப் போட்டால் மழைச் சாலையில் பின்சக்கரங்கள் முதலில் லாக் ஆகி வண்டி வால் வீசும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் இழுக்கும். பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் கதை தலைகீழ்: துளை பெரிதானால் பெடல் கல்லாக இறுகும், அதே பிரேக்குக்கு இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும். சிலிண்டர் உடலில் வார்த்திருக்கும் எண்ணைப் படியுங்கள், பிறகு கப்பைக் கழற்றி வெர்னியரால் துளையை அளந்து பாருங்கள். எண்ணை மட்டும் நம்பாதீர்கள். உள்சுவரில் நகத்தில் தட்டுப்படும் துருக்குழி இருந்தால் அது கழிவு இரும்புதான்.

பிரேக் ஆயில் பைப்பை இணைக்கும் நட்டு இன்னொரு கண்ணி. எம் 10, 1 மி.மீ. புரி (10 மி.மீ. விட்டம், புரிக்குப் புரி 1 மி.மீ.) உள்ள துளையில், 3/8 இன்ச் 24 புரி (இன்ச்சுக்கு 24 புரி) நட்டு சில சுற்று ஏறும். பிறகு இறுகும். ஸ்பேனர் போட்டுத் திருகினால் புரி கெட்டு ஆயில் கசியும். கையாலேயே கடைசி வரை ஏறாத நட்டு அந்தத் துளைக்கு உரியதல்ல. பைப் நுனி விரிந்திருக்கும் வடிவமும் வண்டியில் முதலில் இருந்ததை ஒத்திருக்க வேண்டும்.

டிரம்மின் விளிம்பில் லைனிங் உரசாத இடம் ஒரு வரப்பு போல நிற்கும். அங்கே அளந்தால் புது டிரம் மாதிரிதான் காட்டும். அதைத் தாண்டி உள்ளே, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் டிரம் நீள்வட்டமாகியிருக்கிறது. பல டிரம்களில் தாங்கும் அதிகபட்ச விட்டத்தை உடலிலேயே வார்த்திருப்பார்கள். அதற்கு மேல் லேத்தில் கடைந்தது என்றால் இரும்பு மெலிந்துவிட்டது, சூட்டை வாங்காது. கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள்: நல்ல வார்ப்பிரும்பு மணிபோல ஒலிக்கும், விரிசல் உள்ளது ஓட்டைப் பானைபோல 'தொப்' என்று அடங்கும். கழற்றும்போது பழைய லைனிங் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

சூட்டுக் கணக்கை லேசாக நினைக்கக் கூடாது. 2,500 கிலோ வேன் 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல், சுமார் 8 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும். கியரும் எஞ்சினும் வாங்காத பங்கெல்லாம் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும்தான். டாட் 3 என்ற தர வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிவிட்டால் இந்த வரம்பு 140-க்கு இறங்கும். மழைக்காலத்தில் மூடியைத் திறந்து வைத்த டப்பா ஆயிலை ஊற்றவே வேண்டாம்.

காலிப்பரில் ஏர் எடுக்கும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிள் மேல் பக்கம் இருக்க வேண்டும். இடம் வலம் மாற்றிப் போட்டாலும் போல்ட் ஏறும். நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சுதான்.

போட்ட பின், சமதளச் சாலையில் இதமாகப் பிரேக் பிடித்து ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோய், இடத்தை வலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக வீசினால் பிடிப்பு விடவில்லை. ஒன்று மட்டும் குளிர்ந்தே இருந்தால் அந்தச் சிலிண்டரில் பிஸ்டன் ஒட்டிக் கிடக்கலாம்.