அயனி மதகு

போன ஞாயிறு அல்சூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஆராய்ச்சி மாணவி கேட்டாள்: “அங்கிள், அயானிக் லிக்விட் கேட்டிங், இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?” பெங்களூரில் அப்படி என்னதான் வேலை என்று மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் அப்பா போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

அயனியில் சிக்கல் இல்லை. 1834இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, அறிஞர் வில்லியம் ஹியூவெல்லிடம் யோசனை கேட்டு வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் ‘போவது’ என்று பொருள். மின்முனையை நோக்கிப் போகிற, மின்னூட்டம் உள்ள துகள். ஒலியை மட்டும்தான் நாம் கடன் வாங்கினோம். ஆனால் உத்தராயணத்தில் இருக்கிற ‘அயனம்’ என்ற வடசொல்லுக்கும் போக்கு என்றுதான் பொருள். இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ஒலிபெயர்ப்பு தற்செயலாகப் பொருளையும் கூட்டிவந்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிடலாம்.

லிக்விடுக்குத் திரவம், நீர்மம் இரண்டுமே வழக்கில் உள்ளன. நீர்மம் என்றால் தண்ணீர் நினைவுக்கு வரும். இதிலோ தண்ணீரே கிடையாது, முழுக்க உருகிய உப்பு. சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். வேதியியலர் பால் வால்டன் 1914இல் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் என்ற உப்புக்கு 12 டிகிரியே போதும். அதனால் என் ஓட்டு ‘அயனித் திரவம்’.

அப்புறம் கேட். பாடநூல்களில் ‘வாயில்’ என்றிருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. வாயில் ஆள் நுழைவது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரின் மூன்று முனைகளை ஆங்கிலத்திலும் தண்ணீர்க் கணக்கில்தான் சொல்கிறார்கள்: சோர்ஸ், கேட், டிரெய்ன். ஊற்று, மதகு, வடிகால் என்றால் மன்னார்குடிக்காரருக்குப் புரியாதா?

வேலை இதுதான். ஆராய வேண்டிய பொருளின் மெல்லிய படலத்தின் மேல் ஒரு சொட்டு அயனித் திரவம் விட்டு, சில வோல்ட் கொடுப்பார்கள். ஒருவகை அயனிகள் படலத்தை ஒட்டி வரிசைகட்டும். அவற்றுக்கு ஈடாகப் படலத்துக்குள் எதிர் மின்னூட்டம் சேரும். இடைவெளி ஒரு நானோமீட்டர் அளவுதான் என்பதால் மின்புலம் கடுமையாக இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 100 லட்சம் கோடி மின்னூட்டத் துகள்கள் வரை சேர்க்கலாம். மின்சாரத்தைக் கடத்தாத ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டை 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே உத்தியில், ஆனால் அயனித் திரவத்துக்குப் பதில் உப்பு கலந்த பாலிமரை வைத்து, 0.4 கெல்வின் (கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) குளிரில், மின்தடையே இல்லாத மீக்கடத்தி ஆக்கினார்கள். 2011இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஒரு செம்பு ஆக்சைடு படலத்தை மின்காப்பு நிலையிலிருந்து மீக்கடத்தி நிலைவரை படிப்படியாக நகர்த்திப் பார்த்தார்கள்.

மதகு என்ற சொல்லிலும் குறை உண்டு. வாய்க்கால் மதகு இருக்கிற தண்ணீரைத்தான் விடும். இது படலத்துக்குள்ளேயே தண்ணீரைக் கூட்டுகிறது. இன்னொன்று, குளிரக் குளிரத் திரவம் உறைந்துவிடும், அயனிகள் நின்ற இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். மதகைக் கொஞ்சம் திருப்ப வேண்டுமென்றால் மறுபடி சூடேற்றி, வோல்ட்டை மாற்றி, திரும்பக் குளிர்விக்க வேண்டும்.

“சரி அங்கிள், இந்தச் சூடேற்றிக் குளிர்விக்கிற வேலையில் ராத்திரி அப்பா போனை எடுக்காததற்கும் காரணம் சொல்லியாச்சு” என்றாள்.