நிறுவனம் கைமாறினால் ஸ்பாக்குக்கு என்ன ஆகும்?

ஸ்பாக் என்ற பாத்திரம் வரும் அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் ஸ்டார் டிரெக். அதை வைத்து 1980களில் வந்த நாவல் ஒன்று கிடைத்தால், கதைக்கு முன்னால் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். எழுதியவர் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கும். பதிப்புரிமை என்று போட்ட இடத்தில் அவர் பெயர் இருக்காது, பாரமவுண்ட் பிக்சர்ஸ் என்றிருக்கும். கீழே இன்னொரு வரி: சைமன் அண்ட் ஷூஸ்டரின் பிரிவான பாக்கெட் புக்ஸ், பாரமவுண்டிடம் தனி உரிமம் பெற்று இதை வெளியிடுகிறது. கதை படிக்க வந்தவர் யாரும் இந்தப் பக்கத்தில் நிற்பதில்லை. ஆனால் அடுத்த பாகம் வருமா, பழைய பாகங்கள் கடையில் கிடைக்குமா, எழுத்தாளர் கைக்குக் காசு போகுமா என்பதெல்லாம் இந்தப் பக்கத்தில் இருக்கும் பெயர்களை யார் வாங்குகிறார், யார் விற்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

படம், தொலைக்காட்சித் தொடர், விளையாட்டு ஆகியவற்றின் உலகத்தை உரிமம் வாங்கி எழுதும் நாவலை டை-இன் நாவல் என்பார்கள். சாதாரண நாவலில் ஒப்பந்தம் இரண்டு பேருக்குள் முடிந்துவிடும்: எழுத்தாளர், பதிப்பகம். டை-இன் நாவலில் மூன்றாவதாக ஒருவர், அதுவும் எல்லோருக்கும் மேலே, உட்கார்ந்திருக்கிறார். கதை உலகத்தின் சொந்தக்காரர். அவருக்கும் பதிப்பகத்துக்கும் ஓர் உரிம ஒப்பந்தம், பதிப்பகத்துக்கும் எழுத்தாளருக்கும் தனியாக இன்னோர் ஒப்பந்தம். எழுத்தாளர் புதிதாக ஒரு கிரகத்தையே உருவாக்கினாலும் அது சொந்தக்காரர் கணக்கில் சேர்ந்துவிடும். குத்தகை நிலத்தில் தென்னை வைத்த கதைதான். நட்டவர், தண்ணீர் விட்டவர் யாராக இருந்தாலும், நிலம் விலை போகும்போது தென்னையும் சேர்ந்தே விலை போகும்.

பணமும் இந்த வரிசையில்தான் இறங்கி வருகிறது. விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் உலகத்தின் சொந்தக்காரர் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்வார். ஆகவே விற்பனையிலிருந்து எழுத்தாளருக்கு வரும் பங்கு, அதாவது ராயல்டி, சொந்த நாவலுக்குக் கிடைப்பதைவிட நன்றாகவே குறைவு. பல ஒப்பந்தங்களில் ஒன்றிரண்டு சதவீதம்தான். ராயல்டியே இல்லாமல் ஒரே தொகையாகக் கொடுத்து முடிப்பதும் உண்டு. அப்புறம் ஏன் எழுதுகிறார்கள்? வாசகர் கூட்டம் தயாராக இருக்கிறது, வேலை உறுதி, எழுதுகிறவர்களில் பாதிப் பேர் சின்ன வயதிலிருந்தே அந்தத் தொடருக்கு ரசிகர்கள்.

உரிமத்துக்குக் காலக்கெடு உண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கெடு முடிந்தால், கிடங்கில் இருக்கும் பிரதிகளை விற்றுத் தீர்க்கச் சில மாதம் அவகாசம் கொடுப்பது வழக்கம். அதற்குப் பிறகு பதிப்பகம் ஒரு பிரதிகூட அச்சடிக்க முடியாது, மின்னூலையும் இறக்கிவிட வேண்டும். சாதாரண நாவல் அச்சில் இல்லாமல் போனால் எழுத்தாளர் உரிமையைத் திரும்பக் கேட்டு வாங்கி வேறு இடத்தில் போடலாம். டை-இன் நாவலுக்கு அந்த வழி கிடையாது. புத்தகம் யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தாலும் எழுதியவர் தொட முடியாது. இத்தகைய ஒப்பந்தங்களில் இன்னொரு நிபந்தனையும் அடிக்கடி இருக்கும்: பதிப்பகத்தின் உரிமையாளர் மாறினால் உரிமம் தானாகப் புதியவருக்குப் போய்விடாது, சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். இணைப்பு பற்றிய பேச்சு கிளம்பியதுமே டை-இன் எழுத்தாளர்களுக்கு வயிற்றைக் கலக்குவது சும்மா இல்லை.

சரி, ஸ்டார் டிரெக்குக்கு வருவோம். முதலில் அதன் நாவல்கள் பான்டம் பதிப்பகத்தில் வந்தன. கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெருநிறுவனம் 1966இல் பாரமவுண்டை வாங்கியது, 1975இல் சைமன் அண்ட் ஷூஸ்டரையும் வாங்கியது. படக் கம்பெனியும் பதிப்பகமும் ஒரே முதலாளியிடம் வந்த பிறகு, வெளியில் உள்ள பான்டமுக்கு எதற்காக உரிமம் கொடுக்க வேண்டும்? 1979இல் முதல் ஸ்டார் டிரெக் படம் வந்தபோது அதன் நாவல் வடிவம் பாக்கெட் புக்ஸ் பெயரில் வெளியானது. கொஞ்ச நாளில் தொடர் முழுவதும் அங்கே போய்விட்டது. எந்த நாவல் நன்றாக விற்றது, யார் நன்றாக எழுதினார் என்பதற்கெல்லாம் இதில் இடமே இல்லை. மேலே இருப்பவர் ஒருவராகிவிட்டார், அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்த கைமாற்றங்களைத் தொடர்ந்து சொன்னால் தலை சுற்றும். 1994இல் வயாகாம் என்ற ஊடக நிறுவனம் பாரமவுண்டை வாங்கியது. 2005 இறுதியில் வயாகாம் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பாகப்பிரிவினை விசித்திரமானது: ஸ்டார் டிரெக் தொலைக்காட்சி உரிமையும் சைமன் அண்ட் ஷூஸ்டரும் சிபிஎஸ் என்ற தொலைக்காட்சி நிறுவனத்தின் பக்கம் போயின, படம் எடுக்கும் பாரமவுண்ட் புதிய வயாகாமிடம் நின்றது. ஆக, 2009இல் வந்த புதிய ஸ்டார் டிரெக் படம் ஒரு நிறுவனத்துடையது, அதன் கதாபாத்திரங்களைப் பிறப்பித்த தொடர் இன்னொரு நிறுவனத்துடையது. அந்தப் படத்தின் கதைப்போக்கைத் தொடரும் நான்கு நாவல்கள் 2010இல் வருவதாக அறிவித்து, எழுதியும் வாங்கிவிட்டார்கள். வெளியிடும் நேரத்தில் நான்கையும் நிறுத்தினார்கள். படக்குழு தன் உலகத்தை இன்னும் வளர்த்துக்கொண்டிருக்கிறது, அதுவரை புதுக் கதைகள் வேண்டாம் என்பது சொல்லப்பட்ட காரணம். நிறுவனம் பிரிந்ததால்தான் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முடித்துக் கொடுத்த நான்கு நாவல்களை ஒரே அறிவிப்பில் பெட்டிக்குள் வைக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். அவற்றில் இரண்டு மட்டும், ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதியதும் டேவிட் மேக் எழுதியதும், 2020இல் வெளிவந்தன. பத்து ஆண்டு தாமதம்!

2019 டிசம்பரில் சிபிஎஸ்ஸும் வயாகாமும் மீண்டும் சேர்ந்தன. சேர்ந்த கையோடு, பதிப்புத்தொழில் நமக்கு வேண்டியதில்லை என்று சைமன் அண்ட் ஷூஸ்டரை விற்பனைக்கு வைத்தார்கள். 2020 நவம்பரில் பெங்குயின் ராண்டம் ஹவுஸ் 217.5 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. உலகின் மிகப் பெரிய பொதுவாசகர் பதிப்பகம் அது. இன்னொரு புகழ்பெற்ற விண்வெளிப் படவரிசையான ஸ்டார் வார்ஸின் நாவல்களை வெளியிடும் டெல் ரே அதன் ஒரு பிரிவு. இணைப்பு நடந்திருந்தால் ஸ்டார் டிரெக், ஸ்டார் வார்ஸ் இரண்டின் நாவல்களும் ஒரே முதலாளிக்குக் கீழே வந்திருக்கும்.

அமெரிக்க நீதித்துறை 2021 நவம்பரில் வழக்குப் போட்டது. அதன் வாதம் வழக்கமானது அல்ல. பெரிய நிறுவனங்கள் சேர்ந்தால் விலை ஏறும், வாசகர் பாதிக்கப்படுவார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். இங்கே அரசு வாசகரை விட்டுவிட்டு எழுத்தாளரைப் பார்த்தது. கையெழுத்துப் பிரதியை வாங்க ஐந்து பேர் போட்டி போட்டால் முன்பணம் ஏறும், நான்கு பேர் என்றால் இறங்கும். விற்பவர் பலர், வாங்குபவர் சிலர் என்று ஆகும் இந்த நிலைமையைப் பொருளியலில் கொள்முதல் ஏகபோகம் என்று சொல்லலாம். நாவலாசிரியர் ஸ்டீஃபன் கிங், தன் புத்தகங்களை வெளியிடும் சைமன் அண்ட் ஷூஸ்டருக்கு எதிராகவே, அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். 2022 அக்டோபர் 31 அன்று நீதிபதி ஃபுளோரன்ஸ் பான் இணைப்பைத் தடை செய்தார். பெங்குயின் ராண்டம் ஹவுஸ் ஒப்பந்தம் முறிந்ததற்காக 20 கோடி டாலர் கொடுக்க வேண்டி வந்தது.

எழுத்தாளர்களுக்கு வெற்றி என்று எல்லோரும் கொண்டாடினார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், வழக்கு யாருக்காக நடந்தது என்பது தெரியும். அரசு கணக்கில் எடுத்த சந்தை, முன்பணம் 2.5 லட்சம் டாலரும் அதற்கு மேலும் வாங்கும் புத்தகங்களின் சந்தை. இணைந்த நிறுவனம் அதில் ஏறக்குறைய பாதியை, 49 சதவீதத்தை, வைத்திருக்கும் என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. டை-இன் நாவல் எழுதுகிறவருக்கு அந்தத் தொகை எட்டாத உயரம். தவிர, அவருக்குப் போட்டி என்று ஒன்று முதலிலேயே இல்லை. ஸ்டார் டிரெக் கதை எழுத ஆசைப்பட்டால் விற்க ஒரே கடைதான், அந்த உரிமம் வைத்திருக்கும் பதிப்பகம். நீதிமன்றம் தடுக்கப் பார்த்த நிலைமையில்தான் இவர்கள் நாற்பது ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

பிறகு கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் 162 கோடி டாலருக்கு சைமன் அண்ட் ஷூஸ்டரை வாங்கியது, 2023 அக்டோபர் இறுதியில் கைமாற்றம் முடிந்தது. 1975இல் ஒரே முதலாளியிடம் சேர்ந்த பதிப்பகமும் ஸ்டார் டிரெக்கும் 48 ஆண்டுகள் கழித்து முதன்முதலாகப் பிரிந்தது அப்போதுதான். நாவல்கள் நிற்கவில்லை, சைமன் அண்ட் ஷூஸ்டரிலேயே வருகின்றன. ஆனால் முன்பெல்லாம் உரிமத்துக்குக் கொடுத்த பணம் ஒரே முதலாளியின் இடது பையிலிருந்து வலது பைக்குப் போனது. இப்போது வெளியே போகும் செலவு. 2025 ஆகஸ்டில் ஸ்கைடான்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனம் பாரமவுண்டோடு இணைந்ததால் மறுமுனையிலும் ஆள் மாறிவிட்டார்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் பதிப்பகத்தின் பக்கம். கதை உலகத்தின் சொந்தக்காரர் மாறினால் விளைவு வேறு மாதிரி. ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி 2012இல் 405 கோடி டாலருக்கு வாங்கியது. புதுப் படங்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக 2014 ஏப்ரலில், அதுவரை வந்த ஸ்டார் வார்ஸ் நாவல்களின் கதைகளெல்லாம் இனி அதிகாரபூர்வ வரலாற்றில் சேராது என்று அறிவித்தார்கள். இதில் ஒரு நேர்த்தியான வியாபாரம் இருக்கிறது: அந்த நாவல்களுக்கு லெஜண்ட்ஸ் (பழங்கதைகள்) என்று முத்திரை குத்தித் தொடர்ந்து விற்றார்கள். கதை செல்லாது, காசு செல்லும்.

காசு யாருக்குச் செல்லும் என்பதில்தான் பெரிய தகராறு வந்தது. மேலே சொன்ன ஆலன் டீன் ஃபாஸ்டர் சாதாரண ஆள் இல்லை. 1976இல் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பெயரில் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் நாவலை உண்மையில் எழுதியவர். 1978இல் தன் பெயரிலேயே ஒரு ஸ்டார் வார்ஸ் நாவல் எழுதினார். ஏலியன் என்ற விண்வெளித் திகில் படவரிசையில் முதல் மூன்று படங்களுக்கு நாவல் வடிவம் கொடுத்தார். ஏலியன் ஃபாக்ஸ் நிறுவனத்துடையது. 2019இல் அதையும் டிஸ்னி வாங்கியது. புத்தகங்கள் விற்றுக்கொண்டிருந்தன, அவருக்கு ராயல்டிக் கணக்கு வருவது நின்றுபோனது. 2020 நவம்பரில் அமெரிக்காவின் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் இதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. சங்கம் சொன்னபடி, டிஸ்னியின் நிலைப்பாடு இது: நாங்கள் வாங்கியது உரிமைகளை, கடமைகளை அல்ல.

கேட்க அடாவடியாக இருந்தாலும் சட்டத்தில் இப்படிப் பேச ஒரு சந்து இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் அதன் கடன், பாக்கி எல்லாம் கூடவே வந்துவிடும். சொத்துகளை மட்டும் பொறுக்கி வாங்கினால், எந்தப் பாக்கியை ஏற்பது, எதை விடுவது என்று பேசி முடிவு செய்யலாம். விட்ட பாக்கி பழைய நிறுவனத்தின் தலையில் இருக்கும், ஆனால் அந்தப் பழைய நிறுவனத்தை இப்போது எங்கே போய்த் தேடுவது? சங்கத் தலைவர் மேரி ராபினெட் கோவால் அப்போது கேட்டது நியாயமான கேள்வி: இதை ஒப்புக்கொண்டால், ராயல்டி கொடுக்க மனமில்லாத எந்தப் பதிப்பகமும் தன் சகோதர நிறுவனத்துக்கே புத்தகத்தை விற்றுவிட்டுக் கைகழுவலாமே? 2021இல் ஃபாஸ்டரின் பிரச்சினை தீர்ந்தது. அதுவும் நீதிமன்றத்தில் அல்ல, பேச்சுவார்த்தையில். ஆகவே அந்தச் சந்து அடைபட்டதாகச் சொல்ல முடியாது.

எல்லா இணைப்பும் கெடுதல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டாக்டர் என்ற காலப்பயணியைப் பற்றிய பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சித் தொடர் டாக்டர் ஹூ. அதன் நாவல்கள் வேறு கதை. 1973இலிருந்து டார்கெட் என்ற முத்திரையில் வந்தன. அந்த முத்திரை கைமாறி வர்ஜின் பதிப்பகத்திடம் வந்தது. தொடர் 1989இல் நின்ற பிறகு, 1991 முதல் வர்ஜின் புதுக் கதைகளாகவே போட்டது. 1996இல் டாக்டர் ஹூ தொலைக்காட்சிப் படம் வந்ததும் பிபிசி உரிமத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு 1997இல் தன் சொந்தப் பதிப்பகத்தில் போடத் தொடங்கியது. மூன்று காலத்து நாவல்களும் இரண்டு கம்பெனிகளில் சிதறிக் கிடந்தன. பிறகு ராண்டம் ஹவுஸ் 2006இல் பிபிசி புக்ஸின் பெரும்பான்மைப் பங்கையும் 2007இல் வர்ஜின் புக்ஸையும் வாங்கியது. ஒரே கூரைக்குள் வந்த பிறகு பழைய டார்கெட் நாவல்கள் 2011இலிருந்து மறுபதிப்பாக வந்தன, 2018இல் டார்கெட் முத்திரையிலேயே புது நாவல்களும் வந்தன.

வர்ஜின் உரிமத்தை இழந்தபோது நடந்த இன்னொரு விஷயமும் சுவையானது. அங்கே எழுத்தாளர்கள் தாங்கள் உருவாக்கிய பாத்திரங்களின் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொள்ள முடிந்தது. பால் கார்னெல் 1992இல் உருவாக்கிய பெர்னிஸ் சம்மர்ஃபீல்ட் என்ற தொல்லியலாளர் அப்படிப்பட்ட பாத்திரம். டாக்டர் பாத்திரத்தின் உரிமம் போன பிறகும் பெர்னிஸை வைத்தே 1999 வரை வர்ஜின் நாவல் தொடரை ஓட்டியது. பிக் ஃபினிஷ் என்ற ஒலிநாடக நிறுவனம் 1998இல் முதலில் எடுத்ததும் பெர்னிஸின் கதைகளைத்தான்.

அதே ஏற்பாடு மறுபக்கமும் வெட்டும். டாக்டர் ஹூவின் புகழ்பெற்ற எதிரிகளான டாலெக்குகளின் உரிமை, அவற்றை உருவாக்கிய டெரி நேஷனிடம் இருந்தது. அந்தத் தரப்போடு ஒப்பந்தம் படியாததால், 1984இல் ஒளிபரப்பான ஒரு டாலெக் கதையை டார்கெட்டால் நாவலாக்க முடியவில்லை. பதிப்பகம் எத்தனை முறை கைமாறியும் அதற்கு வழி பிறக்கவில்லை. எரிக் சாவர்ட் எழுதிய அந்தக் கதையின் நாவல் 2019இல்தான் வந்தது.