ரிலாப்ஸ் வேறு, பின்னடைவு வேறு

மருத்துவக் கட்டுரையில் ‘ரிலாப்ஸ்’ (relapse), அதாவது தணிந்த நோயோ விட்ட பழக்கமோ திரும்பி வருவதைக் குறிக்கும் சொல், வந்தால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் யோசிப்பதே இல்லை; ‘பின்னடைவு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். தேர்தலில் வாக்கு குறைந்தால் பின்னடைவு, மனு தள்ளுபடியானால் பின்னடைவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு மூச்சுத்திணறல் கூடினாலும் பின்னடைவு. இவ்வளவு சுமக்கும் சொல்லின் முதுகில் இதையும் ஏற்ற வேண்டுமா?

வேர் எளிது. லத்தீனில் ‘லாபி’ என்றால் வழுக்குதல், நழுவுதல். ‘ரி’ என்றால் திரும்ப. கொலாப்ஸ், எலாப்ஸ், புரோலாப்ஸ் எல்லாம் இதன் பங்காளிகள்.

ஆகவே திரும்ப வழுக்க வேண்டுமானால் முதலில் கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டும். நோய் தணிந்திருக்க வேண்டும். குடியை விட்டிருக்க வேண்டும். பின்னடைவுக்கு இந்த நிபந்தனை கிடையாது. ஒருநாள்கூடத் தேறாத நோயாளிக்கும் அது வரும். இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதும் அல்ல. வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறியதையும், ‘பழைய குருடி, கதவைத் திறடி’ என்பதையும் நாம் எதற்குச் சொல்கிறோம்?

பின்னடைவாவது மங்கல்தான், ‘நோய் மீட்சி’ என்ற ஆக்கம் ஆபத்தானது. மீள்பதிவு, மீள்பார்வை, மீள்வாசிப்பு என்று எதற்கெடுத்தாலும் ‘மீள்’ ஒட்டும் மோகத்தில் பிறந்த குழந்தை அது. நோயிலிருந்து மீண்டார் என்றால் குணமானார் என்றல்லவா பொருள்? ‘நோய் மீட்சி அறிகுறி தெரிந்தால் உடனே வாருங்கள்’ என்று அச்சிட்டுக் கொடுத்தால், படிப்பவர் மருத்துவரிடம் போவாரா, நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடப் போவாரா?

‘மீண்டும் தாக்கியது’ என்பதும் எல்லா இடத்திலும் பொருந்தாது. வைவாக்ஸ் வகை மலேரியாவில் ஒட்டுண்ணி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்துக் காய்ச்சலைக் கொண்டுவரும். அதுதான் ரிலாப்ஸ். புதிதாகக் கொசு கடித்து வந்தால் அது மறுதொற்று. ஃபால்சிபாரம் வகையில் ரத்தத்திலேயே மிச்சமிருந்த ஒட்டுண்ணி மறுபடி பெருகினால், அதற்கு மருத்துவர்கள் மூன்றாவதாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கல்லீரலில் உறங்குவதைக் கொல்லத்தான் பிரைமாகுவின் மாத்திரையை 14 நாள் விழுங்கச் சொல்கிறார்கள். ‘மலேரியா மீண்டும் தாக்கியது’ என்று எழுதினால் பழி புதுக் கொசுவின் மேல் விழுகிறது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது மறைந்துபோகிறது.

என் தேர்வு ‘மறுசறுக்கல்’. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லும் ஊரில் அதற்கு அகராதி வேண்டாம். குடியை விடவைக்கும் இடத்துக்கு ‘மறுவாழ்வு மையம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அதன் பக்கத்திலும் இது பொருத்தமாக நிற்கும். மூலத்தில் இருப்பது ‘பின்னோக்கி’ என்ற பொருள், ஆகவே ‘பின்சறுக்கல்’தான் சரி என்று சிலர் வாதாடக்கூடும். வேருக்கு விசுவாசமாக இருந்து வாசகரைக் குழப்புவதில் எனக்கு ஆர்வமில்லை. பின்பக்கமாகச் சறுக்கி விழுந்தவரைத்தான் அது நினைவூட்டும்.

தலைப்பிலும் அட்டவணையிலும் பெயர்ச்சொல் தேவைப்படும். அங்கே இதை வைத்துக்கொள்ளலாம். ஓடும் வாக்கியத்தில் ‘அவருக்கு மறுசறுக்கல் ஏற்பட்டது’ என்று எழுதிவைக்காதீர்கள். ‘காய்ச்சல் திரும்பிவிட்டது’, ‘மறுபடி குடிக்கத் தொடங்கினார்’ என்றால் போதும்.