ஸ்பிரிங் தொய்ந்தால் பிரேக்கும் கெடும்

பேராக்கில் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கம் தோட்டங்களுக்குள் ஓடும் பழைய ஃபோர்வீல் வண்டிகள் என் பட்டறைக்கு வரும்போது பல வண்டிகளில் ஸ்பிரிங் தொய்ந்து பின்பக்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். கேட்டால், "வயசான வண்டிதானேண்ணே, கொஞ்சம் குலுங்கும், ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்கிறார்கள். குலுங்குவது மட்டும்தான் பிரச்சினை என்றால் நானும் விட்டுவிடுவேன். ஆனால் விஷயம் பிரேக் வரைக்கும் போகிறது, அது பலருக்குத் தெரிவதில்லை.

பழைய ஹைலக்ஸ் மாதிரியான பல பிக்கப்புகளில் பின் சக்கர அச்சான ஆக்ஸிலிலிருந்து வண்டிச் சட்டமான சேஸிக்கு ஒரு கம்பி போகும், அதன் நுனியில் பிரேக் எண்ணெய் வால்வு இருக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி அசைந்து, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஸ்பிரிங் தொய்ந்து காலி வண்டியே தாழ்ந்து கிடந்தால், வால்வுக்கு அது சுமை ஏற்றிய வண்டியாகத்தான் தெரியும். மழை பெய்த செம்மண் இறக்கத்தில் சட்டென்று பிரேக் மிதித்தால் பின் டயர் பூட்டிக்கொண்டு வால் பக்கம் திரும்பும். இதற்கு எதிர்மாறும் உண்டு: இரண்டு அங்குலம் உயரமான ஸ்பிரிங் போட்டுவிட்டு வால்வைத் தொடாமல் விட்டால், செம்பனைக் குலை நிறைய ஏற்றியிருக்கும்போதும் பின் பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால் உயரம் மாறினால் அந்தக் கம்பியையும் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.

தொய்வை நீங்களே பார்க்கலாம். வண்டியைக் காலி செய்து, சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம், பெரும்பாலும் தனியாகத்தான் போகிறார், அதனால் வலப்பக்கம் சற்று முன்னதாகவே இறங்கியிருக்கும். ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் ரப்பர் தடுப்பையும் பாருங்கள். அது நசுங்கிப் பளபளத்தால் ஒவ்வொரு குழியிலும் இரும்பு அதில் போய் இடிக்கிறது என்று அர்த்தம்.

மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், ஒரே ஆக்ஸிலில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். வெட்டிய பழைய வண்டிகளின் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் பழைய ஸ்பிரிங் எவ்வளவு பாரம் சுமந்ததோ, யாருக்குத் தெரியும்! லீஃப் ஸ்பிரிங்கின் பழைய எஃகுப் பட்டையை வளைத்துக் கொடுப்பவர்களும் உண்டு, ஆனால் களைத்துப்போன எஃகு மறுபடி தொய்யத்தான் போகிறது. சுமைக்காகக் கூடுதல் பட்டை சொருகுவதும் எனக்குப் பிடிக்காது. காலி வண்டி கல் மாதிரி ஆகி, அலை அலையான மண் சாலையில் டயர் தரையைப் பிடிக்காது, அடி முழுக்கச் சேஸிக்குப் போகும். சுருளாக இருக்கும் காயில் ஸ்பிரிங்கைக் கேஸால் சூடாக்கி வெட்டுவதோ, அதைவிட மோசம். சூடுபட்ட இடத்தில் எஃகின் பலமே போய்விடும்.

லேண்ட் ரோவர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1983இல் ஒன் டென் மாடல் வந்தபோது காயில் ஸ்பிரிங்குக்கு மாறிய இந்த வண்டிகளில் ஓட்டுநர் பக்க ஸ்பிரிங்கும் மறுபக்க ஸ்பிரிங்கும் பல மாடல்களில் வேறு வேறு. அதற்காகத்தான் மேலே வண்ணக் கோடுகள். அவற்றைக் கவனித்து வாங்குங்கள்.

அப்புறம் வேலை நடக்கும் விதம். வண்டியை ஜேக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகக்கூடாது, சேஸிக்கு ஸ்டாண்டு வைக்க வேண்டும், மண்தரையானால் அதற்குக் கீழே தடித்த பலகையும் வேண்டும். அப்சோர்பரைக் கழற்றியதும் ஆக்ஸில் கீழே தொங்கும், அந்தப் பாரத்தைப் பிரேக் ஹோஸ் தாங்கும்படி விடாதீர்கள். லீஃப் ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகே முழுதாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். வேலை முடிந்ததும் ஹெட்லைட்டையும் சரிபாருங்கள், பின்பக்கம் உயர்ந்ததால் வெளிச்சம் தாழ்ந்திருக்கும்.

லீஃப் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யூ-போல்ட்டை எப்போதும் புதிதாகவே போடுவேன், பழையது ஏற்கெனவே ஒருமுறை இழுபட்டு நீண்டுவிட்டது. பட்டைகள் படிந்து உட்காரும்போது புதியதும் தளரும், தளர்ந்தால் பாரம் முழுக்கப் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டின் மேல் விழும், அது வெட்டுப்பட்டால் ஆக்ஸில் நகர்ந்து வண்டி ஒரு பக்கமாய்க் கோணலாகவே ஓடும். அதனால் 500 கிலோமீட்டர் ஓடியதும் வந்து திரும்ப இறுக்கிக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்புவேன். காசு வாங்குவதில்லை. வராதவர்களை நானே போன் போட்டுக் கூப்பிடுவேன்.